தயாரித்த நிறுவனமே மூடிவிட்டது. பொம்மைகளை இனி யாரிடம் பழுதுபார்க்கக் கொடுப்பது?

ஒரே நிறுவனத்தின் பொம்மைகளை ஏறத்தாழ 20 ஆண்டுகளாகச் சேர்த்து வரும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அந்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. அது நடத்திவந்த பழுதுபார்ப்புப் பிரிவும், சேகரிப்பாளர்கள் 'பொம்மை மருத்துவமனை' என்று அழைக்கும் பிரிவு, அதனுடன் நின்றுவிட்டது. அவரிடம் உள்ளவற்றில் ஒன்றின் கைகால்கள் தளர்ந்து தொங்குகின்றன. ஒன்றின் கண் தலைக்குள் விழுந்துவிட்டது. ஒன்றின் முகம் எத்தனை முறை துடைத்தாலும் மீண்டும் பிசுபிசுக்கிறது. இன்னொன்று, நிறுவனம் மூடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் பழுதுபார்க்க அனுப்பப்பட்டு, இன்று வரை திரும்பவில்லை. இவற்றை இனி யாரிடம் கொடுப்பது, வேறொருவர் கைவைத்தால் மதிப்பு குறைந்துவிடுமா என்று கேட்கிறார்.

மற்றவை ஒரு மாதம் பொறுத்தாலும் கெட்டுப்போகாது. திரும்பாத பொம்மைக்கு அந்த அவகாசம் இல்லை என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். பழுதுபார்க்கக் கொடுத்த பொருளின் உரிமை கொடுத்தவரிடமே இருக்கிறது. பொம்மை நிறுவனத்தின் கையில் இருப்பதால் மட்டும் அது நிறுவனத்தின் சொத்தாகிவிடாது என்பதே பொதுவான சட்ட நிலை. ஆனால் கிடங்கைக் காலி செய்ய வருபவருக்கு, அலமாரியில் வரிசையாகப் படுத்திருக்கும் பொம்மைகளில் எது வாடிக்கையாளருடையது, எது விற்காமல் நின்ற சரக்கு என்று தெரியாது. யாரும் உரிமை கோராத பொருள் மொத்த ஏலத்தில் போய்விடுவது இப்படித்தான். எனவே நிறுவனத்தின் பழைய வாடிக்கையாளர் சேவை முகவரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதில் பயனில்லை. நிறுவனத்தைக் கலைத்துக் கணக்கு முடிக்க நியமிக்கப்பட்டவர் யார் என்பதைக் கண்டுபிடித்து (லிக்விடேட்டர், டிரஸ்டி, நிர்வாகி என்று நாட்டுக்கு நாடு பெயர் மாறும்), அவருக்கு எழுத்து மூலம் கோரிக்கை அனுப்புங்கள். அனுப்பிய ரசீது, பழுதுபார்ப்பு எண், பொம்மையின் பின்கழுத்தில் உள்ள குறி, அதற்கே உரிய ஏதேனும் அடையாளம், பழைய புகைப்படம் ஆகிய அனைத்தையும் இணைத்து, 'இது நிறுவனத்தின் சொத்தன்று, பழுதுபார்க்க ஒப்படைக்கப்பட்ட என் பொருள்' என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். வேலை முடிந்து கூலி பாக்கியாக இருந்தால், அதைச் செலுத்தும் வரை பொம்மையை வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கக்கூடும்; அந்தத் தொகையைக் கட்டி மீட்டுக்கொள்வது நல்லது. முன்பணம் கட்டியிருந்தால் அது தனிக் கணக்கு. பொம்மை உங்களுடையது, முன்பணத்தைப் பொறுத்தவரை நீங்கள் கடன் கொடுத்தவர்களின் வரிசையில், பெரும்பாலும் பின்னால், நிற்கும் ஒருவர். கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் முறையிட்டுத் திரும்பப் பெற வழியுண்டு, ஆனால் அதற்குக் கால வரம்பும் உண்டு என்பதால் இன்றே கேட்டுவிடுங்கள்.

இனி மற்ற மூன்றுக்கும் வருவோம். நிறுவனத்தின் பழுதுபார்ப்புப் பிரிவு போனதால் உண்மையில் நாம் இழந்தது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். தயாரிப்பு நிறுவனங்கள் நடத்தும் மருத்துவமனைகளில் பெரும்பாலான வேலை 'மாற்றுதல்'தான்: தலை கெட்டால் புதுத்தலை, கால் தளர்ந்தால் புது உடல், கண் போனால் தொழிற்சாலையில் மீந்திருக்கும் கண். அவர்களிடம் உதிரிப்பாகக் கிடங்கு இருந்தது. பழைய பாகத்தைக் காப்பாற்ற நேரம் செலவிடுவதைவிடப் புதியதை மாட்டி அனுப்புவது அவர்களுக்குச் சுலபம். ஆகவே நிறுவனத்துடன் போனது அந்தக் கிடங்கு. கைத்திறன் அங்கே இருந்ததைவிட வெளியில்தான் அதிகம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. லிஸ்பனில் உள்ள பொம்மை மருத்துவமனை 1830 முதல் நடந்து வருகிறது. சிட்னியில் உள்ளது 1913இல் தொடங்கியது. இரண்டும் எந்தப் பொம்மை நிறுவனத்தையும் சார்ந்தவை அல்ல. அவற்றின் மேசைக்கு வந்த பழைய பொம்மைகளைத் தயாரித்தவர்களில் பலர் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். பிரான்சின் புகழ்பெற்ற ஜுமோ, ப்ரூ நிறுவனங்கள் 1899இலேயே ஒரு கூட்டு நிறுவனத்தில் கரைந்துவிட்டன. ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் லட்சக்கணக்கில் பொம்மைத் தலைகளைச் சுட்டுத்தள்ளிய சிமோன் அண்ட் ஹால்பிக், ஆர்மண்ட் மார்செய் போன்றவையும் இன்று இல்லை. அவற்றின் பொம்மைகள் இன்றும் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

அது எப்படி முடிகிறது என்றால், பழுதுபார்ப்பவர் பார்ப்பது பொம்மை எதனால் ஆனது என்பதை. யார் செய்தது என்பது அவருக்கு அடுத்த கேள்வி. சிமோன் அண்ட் ஹால்பிக் தான் செய்த தலைகளை கேமர் அண்ட் ரைன்ஹார்ட் உள்ளிட்ட பல நிறுவனங்களுக்கு விற்றது. உடல் ஒருவர், தலை ஒருவர், விக் இன்னொருவர் என்று செய்து, ஒருவர் பெயரில் விற்ற தொழில் அது. எனவே 'இந்த நிறுவனத்தின் பொம்மையைப் பழுதுபார்ப்பவர் யார்' என்று தேடினால் உங்களுக்கு வெறுங்கைதான் மிஞ்சும்; 'வினைல் தலையும் துணி உடலும் உள்ள பொம்மை', 'எலாஸ்டிக் கோத்த ரெசின் பொம்மை' (ரெசின் என்பது அச்சில் வார்க்கும் கடினமான செயற்கைப் பிசின்), 'கண் மூடித் திறக்கும் பிஸ்க் தலை' என்று தேடுங்கள். ஆட்கள் கிடைப்பார்கள்.

பொருளைக் கண்டறிவது கடினமில்லை. அழுத்தினால் கன்னம் உள்வாங்கி மீண்டால் வினைல். தட்டினால் டக்கென்று உள்ளீடற்ற ஓசை தந்து, அழுத்தத்திற்கு வளையாவிட்டால் கடினப் பிளாஸ்டிக். கன்னத்தில் வைத்தால் கல்போலச் சில்லென்றிருந்து, மேற்பரப்பு மினுமினுப்பின்றி மாவு தடவியதுபோல் இருந்தால், மெருகிடாமல் சுட்ட பீங்கானாகிய பிஸ்க். மரத்தூளையும் பசையையும் கலந்து அச்சில் வார்த்து, மேலே வண்ணம் பூசியது கம்போசிஷன். நுணுக்கமான வெடிப்புகள் வலைபோல் ஓடியிருந்தால் பெரும்பாலும் அதுதான். மிக மெல்லியதாக, இறகுபோல் எடையில்லாமல், சற்றே கற்பூர மணத்துடன் இருந்தால் செல்லுலாய்டு; அப்படியிருந்தால் அடுப்பு, மெழுகுவத்தி, முடி உலர்த்தி எதன் அருகிலும் கொண்டுபோகாதீர்கள், ஏனெனில் அது நைட்ரோசெல்லுலோஸ்; தீப்பற்றினால் அணைப்பதற்குள் முடிந்துவிடும். சூடான ஊசியைக் குத்திப் பார்க்கும் பழைய சோதனையை எவர் சொன்னாலும் செய்ய வேண்டாம். வினிகர் வாடை வரும் கடினப் பிளாஸ்டிக் பொம்மை ஏதேனும் உங்களிடம் இருந்தால், அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். அது 1940கள், 50களில் பரவலாக இருந்த செல்லுலோஸ் அசிடேட்டாக இருக்கக்கூடும். சிதையும்போது வெளிவிடும் அமிலம் தன்னையும் தின்று, பக்கத்தில் இருப்பவற்றையும், உள்ளே உள்ள இரும்புக் கொக்கிகளையும் அரித்துவிடும். அதற்குச் சிகிச்சை இல்லை. காற்றோட்டமும் குளிர்ச்சியும் தந்து வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவே.

கைகால் தளர்ந்த பொம்மை, இருப்பதிலேயே எளிய வேலை. பொறுமை இருந்தால் நீங்களே செய்யலாம். உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு ரப்பர் என்பதால், பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் காலப்போக்கில் இழுவிசை இழந்துவிடும். ரெசின் பொம்மைகளில் பொதுவாக ஒரு வளையம் ஒரு கையிலிருந்து மார்பு வழியாக மறு கைக்கும், இன்னொரு வளையம் தலைக் கொக்கியிலிருந்து இரு கால்களுக்கும் செல்லும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு மூட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடக்கையையும் வலக்கையையும் மாற்றி மாட்டிவிட்டு, கட்டைவிரல் ஏன் வெளிப்பக்கம் பார்க்கிறது என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் யோசித்தவன் நான். பழைய கயிற்றைத் தூக்கி எறியாமல் அதன் தடிமனை அளந்து வையுங்கள். அது கிடைக்காவிட்டால், 40 செ.மீ. உயரமுள்ள பொம்மைக்கு ஏறக்குறைய 3 மி.மீ., 60 செ.மீ. பொம்மைக்கு 4 மி.மீ. உருண்டை எலாஸ்டிக் என்று தொடங்கிப் பார்க்கலாம். கயிற்றை உடலுக்குள் இழுக்க, முனையில் கொக்கி வளைத்த கம்பி போதும். கழுத்துத் துவாரத்துக்கு மேலே வளையம் எட்டிப் பார்த்தவுடன் அதனுள் ஒரு பென்சிலைக் குறுக்கே நுழைத்துவிடுங்கள். கை நழுவினாலும் கயிறு உள்ளே ஓடி ஒளியாது, நீங்கள் நிதானமாகத் தலைக் கொக்கியை மாட்டலாம். இழுவிசை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் அனுபவத்தில் வருவது. பொம்மை தானே நிற்க வேண்டும். அதே நேரம் தலையை மேலே தூக்கினால் கழுத்திலிருந்து ஒரு விரல் இடைவெளியாவது விலக வேண்டும். அதைவிட இறுக்கினால் ரெசினில் மூட்டு விளிம்பு சிதறும். பிஸ்க் தலையில் கழுத்து விளிம்பே உடையும். பழைய பிஸ்க் பொம்மை வைத்திருப்பவர்கள், எலாஸ்டிக் அறுந்து தலை தரையில் விழுவதற்குக் காத்திருக்காமல், தளர்ச்சி தெரிந்த நாளிலேயே மாற்றிவிடுவது அவசியம். விழுந்த தலையை எந்த நிபுணராலும் விழாத தலையாக்க முடியாது.

உங்கள் பொம்மை துணி உடலும் வினைல் கைகால்களும் கொண்டதாக இருந்தால் வேலை வேறு. அங்கே எலாஸ்டிக் கைகாலின் கிண்ணத்திலிருந்து துணியைத் துளைத்து உள்ளே வந்து முடிச்சிடப்பட்டோ உலோகக் கிளிப்பால் நசுக்கப்பட்டோ இருக்கும். தலையைக் கழற்றி, கழுத்து வழியாகப் பஞ்சை எடுத்த பிறகே அதை எட்ட முடியும். எடுத்த பஞ்சை எடுத்த வரிசையில் தனித்தனியாக வைத்தால் உடல் பழைய வடிவத்துக்கே திரும்பும்.

கண் விழுந்த பொம்மையை முதலில் ஆட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே என்ன உருள்கிறது என்று காதருகே வைத்துக் குலுக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. பழைய பிஸ்க் தலைகளில் இரு கண்ணாடிக் கண்களும் ஒரு கம்பியில் கோக்கப்பட்டு, கீழே ஈயக் குண்டு தொங்கும்; பொம்மையைப் படுக்க வைத்தால் கண் மூடுவது அந்தக் குண்டின் எடையால்தான். கண்களை நிறுத்தியிருக்கும் பிளாஸ்டர் காய்ந்து உதிர்ந்தால் முழு அமைப்பும் கழன்று, ஈயக்குண்டு முகத்தை உள்ளிருந்து மோதும். இத்தகைய தலையை ஒரு துண்டின் மேல் முகம் கீழாக வைத்துவிட்டு, நேரே நிபுணரிடம் கொண்டுசெல்ல வேண்டும். உதிர்ந்த பிளாஸ்டர் துண்டுகளைக்கூடப் பொறுக்கி வையுங்கள். கண் எந்தக் கோணத்தில் இருந்தது என்பதை அவை சொல்லும்.

வினைல் தலையானால் இவ்வளவு பயமில்லை. கண் பொதுவாகப் பிளாஸ்டிக் கிண்ணமாக இருந்து, வினைல் குழியில் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். தலையைக் கழற்றி, கண்குழியைச் சுற்றி மட்டும் முடி உலர்த்தியின் மிதமான சூட்டில் மென்மையாக்கினால் வினைல் இளகிக் கொடுக்கும். உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ கண்ணை அதன் பள்ளத்துக்குள் தள்ளிவிடலாம். ஆறும்போது வினைல் மீண்டும் இறுகிப் பிடிக்கும். முகத்தில் வண்ணம் இருக்கும் இடத்தில் சூட்டை நிறுத்தாதீர்கள். இமைமுடி பசையால் ஒட்டப்பட்டிருந்தால் அதை ஈரத்துணியால் மறைத்துக்கொள்ளுங்கள். கண்ணை இடத்தில் நிறுத்த உடனடிப் பசையை ஊற்றுவது மட்டும் வேண்டாம். அதன் ஆவி கருவிழியில் வெள்ளைப் படலமாகப் படியும். அடுத்து வருபவருக்கு அதைக் கழற்றவும் வழியிருக்காது. மங்கிப்போன பழைய கண்ணில் தையல் இயந்திர எண்ணெயை ஒரு சொட்டு விடச் சொல்வார்கள். சில நாட்கள் பளிச்சென்று தெரியும். பிறகு எண்ணெய் முகத்தில் கசிந்து, தூசியையும் பிடித்துக்கொண்டு, முன்பைவிட மோசமாகும்.

பிசுபிசுக்கும் முகத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இதில்தான் அவசரம் அதிகச் சேதம் செய்கிறது. அது அழுக்கு இல்லை. வினைல் எனப்படும் பிவிசி இயல்பில் விறைப்பானது. குழந்தையின் கன்னம்போல மென்மையாக இருப்பதற்காக அதில் நெகிழ்வூட்டி எண்ணெய்கள் கலக்கப்படுகின்றன. அவை வினைலோடு ரசாயனமாகப் பிணைந்திருப்பதில்லை, ஊறிக்கிடக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல, வெப்பம் கூடக் கூட, மேற்பரப்புக்கு வியர்வைபோல வந்து நிற்கின்றன. நீங்கள் துடைப்பது அந்த எண்ணெயை. துடைத்தால் போகும், சில மாதங்களில் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பது குறைந்து, வினைல் சுருங்கி இறுகும். ஆகவே முற்றிலும் குணமாக்கும் வழி இல்லை. எவரேனும் அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்டால் பொம்மையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். செய்யக்கூடியது இவ்வளவுதான்: மென்மையான சோப்பு ஒரு துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் மென்துணியைப் பிழிந்து, வண்ணம் தீட்டிய இடங்களைத் தவிர்த்துத் துடைத்து, வேறொரு துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஆல்கஹால், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி ஆகியவை வேண்டாம்; அவை வினைலைக் கெடுத்து, முக வண்ணத்தையும் கரைக்கும். பிறகு குளிர்ந்த, இருண்ட, காற்று நடமாடும் இடத்தில் வையுங்கள். மூடிய பிளாஸ்டிக் பையிலோ, அடைத்த பெட்டியிலோ வைத்தால் வியர்த்தது அங்கேயே தேங்கும். ஒரு வினைல் கை இன்னொரு பொம்மையின் கடினப் பிளாஸ்டிக் காலில் சாய்ந்து மாதக்கணக்கில் இருக்கவே கூடாது; கசியும் எண்ணெய் பல கடினப் பிளாஸ்டிக்குகளை இளக்கி, தொட்ட இடத்தில் பள்ளம் பதித்துவிடும்.

இதன் உறவுக்காரர்தான் பழைய பார்பி சேகரிப்பவர்கள் அஞ்சும் பச்சைக்காது. 1959இல் வந்த அந்தப் பொம்மைக்கு அணிவிக்கப்பட்ட உலோகத் தோடுகளில் செம்பு கலந்திருந்தது. செம்பு அரித்துப் பச்சைக் கறை வினைலுக்குள் ஊறிவிடுகிறது. உங்கள் பொம்மைகளில் தோடு, ஊசி, பித்தளைப் பொத்தான் ஏதேனும் வினைலைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்றே கழற்றித் தனி உறையில் இட்டு, எந்தப் பொம்மையுடையது என்று எழுதி வையுங்கள். மை, துணிச்சாயக் கறைகளுக்கு முகப்பருக் களிம்பில் உள்ள பென்சாயில் பெராக்சைடைப் பூசி வெயிலில் வைக்கும் முறை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது வேலை செய்யும், ஆனால் கறையோடு தோல் நிறத்தையும் வெளுக்கும். உடையால் மறையும் முதுகுப் பகுதியில் கறை இருந்தால் முயலலாம். முகத்தில் நான் செய்ய மாட்டேன்.

சேகரிப்பில் வேறு ரகங்களும் இருக்கலாம் என்பதால் சுருக்கமாக இரண்டு சொற்கள். ரெசின் பொம்மை வெளிச்சத்தில் மஞ்சளாகும். மேற்பரப்பை மணல்தாளால் தேய்த்து அதை நீக்குபவர்கள் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. நீர் தொட்டு, முகமூடி அணிந்தே செய்ய வேண்டும். பேசும் பொம்மையில், 1960ஆம் ஆண்டு வாக்கில் வந்த சாட்டி கேத்தி வகையில் உள்ளதுபோல் நூலை இழுத்தால் சுழலும் குட்டி இசைத்தட்டு இருந்தால், குரல் நின்றதற்குப் பெரும்பாலும் உள்ளே இறுகிப்போன ரப்பர் வார்தான் காரணம். ஆனால் உடலைப் பிளந்து மீண்டும் ஒட்ட வேண்டியிருப்பதால், பழகியவரிடம் விடுவதே நல்லது.

அடுத்து உதிரிப்பாகம். மூடிய நிறுவனத்தின் பெயரையும் அச்சுகளையும் வேறொருவர் வாங்கக்கூடும். ஆனால் பழைய வாடிக்கையாளருக்குப் பழுதுபார்த்துத் தரும் கடமை அவருக்குத் தானாக வந்துசேராது. நிறுவனம் மூடப்பட்ட முதல் ஆண்டில், விற்காமல் நின்ற உடல், விக், காலணி, கண் முதலியவை மொத்தமாக ஏலத்துக்கு வரும்; அப்போது வாங்காதவர் பிறகு அவற்றைத் தேடி அலைவார். நிறுவனத்தின் மருத்துவமனையில் வேலை பார்த்த ஊழியர்கள் தனியாகத் தொழில் தொடங்குவதும் அந்தக் காலத்தில்தான்; அவர்களில் ஒருவர் கிடைத்தால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. மூன்றாவது வழி, உங்களுடையதைப் போன்ற, ஆனால் சேகரிப்புக்கு உதவாத அளவு சிதைந்த இன்னொரு பொம்மையை வாங்கி, அதிலிருந்து பாகம் எடுப்பது. வாங்கும் முன் அச்சு எண்ணும் தயாரித்த காலமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரே பெயரில் விற்ற பொம்மையின் வினைல் நிறம் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கும், ஒரு கை இளஞ்சிவப்பாகவும் மறு கை வெளிர் மஞ்சளாகவும் நிற்கும். இந்த மூன்று வழிகளும் போதும் என்பதற்கு பிளைத் பொம்மையே சான்று. 1972இல் கென்னர் நிறுவனம் ஒரே ஓர் ஆண்டு விற்று நிறுத்திய பொம்மை அது. தலைக்குப் பின்னால் உள்ள நூலை இழுத்தால் கண் நான்கு நிறம் மாறும். கென்னர் பின்னர் ஹாஸ்ப்ரோவின் கைக்குப் போய் மறைந்துவிட்டது. அந்தக் கண் இயந்திரத்தைத் திறந்து, நூலை மாற்றி, மீண்டும் பொருத்தக் கற்றவர்கள் சேகரிப்பாளர்கள்தாம்.

பழுதுபார்ப்பவரைத் தேர்ந்தெடுப்பதில் நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஒரு கம்போசிஷன் பொம்மையின் இடக்கன்னத்தில் மட்டும் ஒரு நாணய அளவு வண்ணம் உரிந்திருந்தது. 'சரிசெய்யுங்கள்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தபோது உரிந்த இடம் தெரியவில்லை, மற்ற இடங்களும் தெரியவில்லை: முகம் முழுவதையும் மணல்தாளால் தேய்த்து, தெளிப்பானால் ஒரே சீராக வண்ணமடித்து, புருவத்தைப் புதிதாக வரைந்திருந்தார். வேலை சுத்தம், பொம்மை மட்டும் வேறொருத்தியாகிவிட்டாள். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, ஏனெனில் நான் கேட்டது அதைத்தான். அன்றிலிருந்து எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுதிக்கொடுக்காமல் எதையும் அனுப்புவதில்லை. இந்தப் பொருளில் இதே பழுதைப் பார்த்த முன்-பின் படங்களைக் கேளுங்கள். எந்தப் பசை, எந்த வண்ணம் என்று கேளுங்கள். அதைப் பின்னாளில் கழற்ற முடியுமா என்று கேளுங்கள். நல்லவர் இந்தக் கேள்விகளுக்கு எரிச்சலடைய மாட்டார், சில நேரம் அரை மணி நேரம் பேசுவார். கழற்றிய பழைய பாகம் அனைத்தும் பொம்மையோடு திரும்ப வர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பல பொம்மைகள் இருந்தால், உங்களுக்கு மிகக் குறைவாகப் பிரியமானதை முதலில் அனுப்பிப் பாருங்கள். ஆட்களைத் தேட, 1949இல் தொடங்கிய யுனைடெட் ஃபெடரேஷன் ஆஃப் டால் கிளப்ஸ் போன்ற சேகரிப்பாளர் அமைப்புகளின் உறுப்பினர்களிடம் விசாரிக்கலாம். நூறு ஆண்டைக் கடந்த அரிய பொம்மை என்றால், அருங்காட்சியகப் பொருள்களைப் பேணும் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரையே நாட வேண்டும். அவர்களின் தொழில்முறைச் சங்கங்கள் உறுப்பினர் பட்டியலை வெளியிடுகின்றன.

மதிப்பு குறையுமா என்பதற்கு ஒரே விடை கிடையாது. எலாஸ்டிக் மாற்றுவதை எந்தச் சேகரிப்பாளரும் குறையாகக் கருதுவதில்லை, அது பராமரிப்பு. விழுந்த கண்ணை, அதே கண்ணைக் கொண்டு, பொருத்துவதும் அப்படியே. விக் மாற்றினால், பழையதையும் சேர்த்துக் கொடுக்கும்போது இழப்பு சிறிது. முகத்தில் மறுவண்ணம்தான் பெரிய வெட்டு. பிஸ்க் தலையில் ஒரு மயிரிழை விரிசல்கூட விலையை வெகுவாக இறக்கும், அதை மறைத்து வண்ணமடித்தால் விலையோடு நம்பிக்கையும் போகும். தலைக்குள் சிறு விளக்கை ஏற்றினால் விரிசல் கோடாகத் தெரியும். புற ஊதா விளக்கின் கீழ் புது வண்ணம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். வாங்குபவர் இரண்டையும் கையோடு கொண்டுவருவார். எனவே செய்த வேலையைத் தேதியோடும் படத்தோடும் எழுதி, பொம்மையின் பெட்டியிலேயே வைத்து, விற்கும்போது நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். உங்கள் நிறுவனத்தின் பொம்மைகளுக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு: முன்பு அதன் மருத்துவமனையில் தலை மாற்றப்பட்டிருந்தால், அதுவும் மாற்றுத்தலைதான். நிறுவனமே மாற்றியதால் அது அசலாகிவிடாது. அந்த வேலைக்கு நிறுவனம் சான்றிதழ் தந்திருந்தால் அதைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

பிசுபிசுக்கும் பொம்மையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதை எங்கும் அனுப்பத் தேவையில்லை. தளர்ந்ததை நீங்களே கோத்துவிடலாம். கண் விழுந்தது பிஸ்க்காக இருந்தால் அதை மட்டும் அனுப்புங்கள். அனுப்பும்போது விக்கைக் கழற்ற முயலாதீர்கள், பசையோடு, தலையின் திறந்த உச்சியை மூடியிருக்கும் தட்டும் வந்துவிடும். தலையைத் தனியாகக் கழற்ற முடிந்தால் கழற்றி, தலைக்குள் தளர்வாக மெல்லிய டிஷ்யூ தாளை அடைத்து, முகம் கீழ்நோக்கி இருக்கும்படி சுற்றி, ஒரு சிறு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை நாற்புறமும் நான்கு விரல் இடைவெளி விட்டு இன்னொரு பெட்டியில் வையுங்கள். உடலைத் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். நாடு கடந்து போவதானால், சுங்கப் படிவத்தில் பழுதுபார்த்துத் திரும்ப வரும் சொந்தப் பொருள் என்று எழுதுங்கள். இல்லையேல் உங்கள் பொம்மைக்கே திரும்பி வரும்போது இறக்குமதித் தீர்வை கட்ட நேரிடும்.